கறுப்பு நோட்டும் சிவப்பு நட்சத்திரமும்

ஊரார் கடிதங்களை ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொடுக்கும் தொழிலில் விரல் தேயும் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். எனக்குத் தேய்ந்தது பல். ஆறு மாதம் கடித்துக்கொண்டே இருந்தால் வேறென்ன தேயும்? ஒருவர் சொல்லச் சொல்லத் தப்பையே அழகாக டைப் அடித்து, ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு கையாலும் எடுத்து நீட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் எனக்கு உறவு. மேலே படிக்கலாம்.

மதராஸில் பி.ஏ. முடித்துவிட்டு, மலாக்காவில் செமாபோக் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு நான் திரும்பியபோது மலாயாவின் மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, ஏழெட்டு மாதம் இருந்தது. பண்டார் ஹிலிர் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். தலைமையாசிரியை ஒரு யுரேஷியப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பத்துக் கேள்வி கேட்டார். பத்துக்கும் எனக்குப் பதில் தெரியும். ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. மேஜைமேல் இருந்த மசிப்புட்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. "உன்னால் பேச முடியவில்லை. உனக்காகப் பேச ஒரு தாளாவது வேண்டும். எங்காவது ஆறு மாதம் வேலை பார்த்து, ஒரு நற்சான்றிதழ் வாங்கி வா. அதுவரை இந்த இடத்தை நிரப்பாமல் வைத்திருப்பேன். அதற்குமேல் முடியாது" என்றார்.

அந்த ஒரு தாளுக்காகத்தான் காஜா பேராங்கில் கிராணியார் ஞானமுத்துவின் டைப்பிங் கடையில் சேர்ந்தேன். அவர் ஒரு ரப்பர் கம்பெனியில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் ஒரு பெஞ்சு, உள்ளே இரண்டு மேஜை, ஒரு டைப்ரைட்டர், ஊதா மையில் கடைப்பெயர் விழும் ஒரு சாப், அப்புறம் அந்தக் கறுப்பு நோட்டு. இவ்வளவுதான் கடை. கறுப்பு நோட்டில் எல்லா விதக் கடிதத்துக்கும் ஒரு மாதிரி இருந்தது. எந்தக் கடிதம் காரியத்தை முடித்துக் கொடுத்ததோ அதன் தலையில் சிவப்பு மசியில் ஒரு நட்சத்திரம் போடுவார். நட்சத்திரம் விழுந்த கடிதத்தில் பிறகு ஓர் எழுத்தும் மாறக் கூடாது. மெர்டேக்கா வரப்போகிறது என்றதும் ஊரில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு காகிதம் வேண்டியிருந்ததால், நட்சத்திரங்களும் பெருகிக்கொண்டே இருந்தன.

நோட்டை முதல் நாளே புரட்டிப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று பக்கத்தில் ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களில் எது எது என்று கிராணியாருக்குத் தெரியவில்லை. அது குற்றமில்லை. தனக்குத் தெரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

செத்தவருக்குச் சீக்கு

சேர்ந்த நாலாம் நாள், புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாரியாயி என்ற அம்மாள் வந்தார். கணவர் இறந்து ஒரு மாதம். அவர் பெயரில் இருந்த லயத்து வீட்டை மகன் பெயருக்கு மாற்றித் தரும்படி துரைக்கு எழுத வேண்டும். கிராணியார் நோட்டைத் திறந்து சொல்லிக்கொண்டே போனார். இறந்துபோன கணவர் என்று 'டிசீஸ்ட்' வரவேண்டிய இடத்தில், நோய் பிடித்த கணவர் என்று பொருள்படும் 'டிஸீஸ்டு' வந்தது. இரண்டு சொல்லும் ஒரே தாய் பெற்றவை போலத்தான் ஒலிக்கும். ஆனால் ஒன்று சுடுகாட்டில் இருக்கிறது, மற்றது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறது. நோயாளி உயிரோடு இருக்கும்போது வீட்டை ஏன் மாற்ற வேண்டும் என்று துரை கேட்க மாட்டாரா?

என் வாழ்நாளில் அதுவரை இல்லாத தைரியத்தைத் திரட்டி, டைப்ரைட்டரைப் பார்த்தபடியே சொன்னேன். "ஐயா, அது சீக்காளியைச் சொல்ற வார்த்தை. இறந்தவருக்கு வேற இருக்கு."

கிராணியார் என்னைப் பார்க்கவில்லை. மாரியாயியைப் பார்த்தார். "உன் வீட்டுக்காரனுக்குச் சீக்கு இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சுங்க கிராணி. ரெண்டு வருசமா இருமல்."

"பிறகு என்ன? நோட்டு பொய் சொல்லுதா?" என்று என் பக்கம் திரும்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் காப்பிக் குவளையை எடுத்துக்கொண்டு அஞ்சடிக்குப் போன நேரத்தில் சரியான சொல்லையே டைப் அடித்தேன். திரும்பி வந்து தாளைக் கையில் வாங்கினார். படிக்கவில்லை. தச்சன் பலகையைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். சாப்பை ஓங்கிக் குத்தினார். தான் சொன்னதை மீண்டும் படித்துப் பார்ப்பது தனக்கே அவமரியாதை என்பது அவர் கொள்கை என்று அன்று தெரிந்துகொண்டேன். அந்தக் கொள்கைக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். என் ஆறு மாதப் பிழைப்பும் அதன் நிழலில்தான் நடந்தது.

மாரியாயி கடிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, எழுந்து போகும்போது என் பக்கம் குனிந்து இரக்கத்தோடு சொன்னார்: "அவரு சீக்குலதானம்மா செத்தாரு, அதுக்குப் போயி கிராணிகிட்ட ஏன் வாய் குடுக்கிற?"

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த வால்

திருட்டுத்தனமாகத் திருத்துவது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சன்னாசி வரும்வரை.

சன்னாசிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய மைத்துனருக்குத் தண்ணி ஆபீசில் வேலை கிடைத்திருந்தது. கிடைக்கச் செய்த கடிதம் எங்கள் கடையில் அடித்தது. அதன் கார்பன் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, "இதே மாதிரி ஒண்ணு" என்றார். அந்தக் கடிதம் 'யுவர்ஸ் ரெஸ்பெக்டிவ்லி' என்று முடிந்தது. 'மரியாதையுடன்' என்று சொல்ல நினைத்துக் கிராணியார் 'முறையே' என்று சொல்லியிருக்கிறார். முறையே யார், முறையே எது என்று தண்ணி ஆபீசில் ஒருவரும் கேட்கவில்லை போலும். நட்சத்திரம் விழுந்துவிட்டது.

நான் 'ரெஸ்பெக்ட்புல்லி' என்று திருத்தி அடித்துக் கொடுத்தேன். சன்னாசி தாளை வாங்கினார். மைத்துனர் கடிதத்தைப் பிரித்து அதன்மேல் வைத்தார். அஞ்சடிக்குப் போய் இரண்டையும் சேர்த்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒவ்வொரு வரியாக, துணிக்கடையில் கறை தேடுகிறவரைப்போலப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கினார். கடைசி வரியில் அவர் தலை நின்றது.

"கிராணி, வாலு வேற மாதிரி இருக்கு."

படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் கண்டுபிடிக்காததைப் படிக்கத் தெரியாதவர் கண்டுபிடித்துவிட்டார். நான் மெல்லிய குரலில், "இதுதான் சரிங்க. அது தப்பான வார்த்தை" என்றேன். சன்னாசி என்னை ஏதோ கோயில் மாட்டைத் திருடியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எங்க மச்சானுக்கு வேலை வாங்கிக் குடுத்த வாலும்மா இது. நீ ஏன் வெட்டுற?" என்றார். சிரிக்கலாம் என்றால், அதே கடிதத்தில் மைத்துனருக்கு நாலு பிள்ளைகள் இருப்பதாகவும் எழுதியிருந்தது. சன்னாசிக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதைச் சொன்னேன். "அதுவும் இருக்கட்டும்" என்றார்.

கிராணியார் அன்று குரலை உயர்த்தவில்லை. நோட்டை மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துச் சொன்னார்: "இன்னொரு தடவை என் நோட்டுல கை வச்ச, நற்சான்றிதழ் கேட்டு என்கிட்ட வராத." நான் வாலை ஒட்டினேன். நாலு பிள்ளைகளையும் அப்படியே விட்டேன்.

ஒரு மாதத்தில் சன்னாசிக்கும் வேலை கிடைத்தது. கிராணியார் சிவப்பு மசிப்புட்டியைத் திறந்து, நான் பார்க்கவேண்டும் என்பதற்காகவே மெதுவாக இரண்டாவது நட்சத்திரத்தை வரைந்தார். அதற்கு இரண்டு வாரம் கழித்துச் சன்னாசி மறுபடி வந்தார். முகம் தொங்கியிருந்தது. ஆபீசில் குடும்பக்காரர்களுக்கு வீடு ஒதுக்குகிறார்களாம். நாலு பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். கிராணியார் நோட்டைப் புரட்டினார். இந்த நிலைமைக்கு அதில் மாதிரி இல்லை. சன்னாசி என் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீதானேம்மா டைப் அடிச்ச, இப்ப நாலு பிள்ளைக்கு நான் எங்க போறது?"

இஞ்சு டேப்பில் அளந்த மரியாதை

தையற்கடை கோவிந்தசாமி ஒரு சங்கத்தின் செயலாளர். சங்கத்தில் எத்தனை பேர் என்று கேட்கக் கூடாது. மெர்டேக்கா விழாவுக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரியை அழைக்க வேண்டும் என்று, கழுத்தில் இஞ்சு டேப்போடு அப்படியே வந்துவிட்டார். கிராணியார் தபாலாபீசுக்குப் போயிருந்தார். ஆகவே நானும் கோவிந்தசாமியும் அவருடைய சொற்களும் தனியாக அகப்பட்டுக்கொண்டோம்.

அவர் வீட்டிலிருந்தே ஒரு துண்டுச் சீட்டில் சொற்களைப் பொறுக்கி எழுதிக்கொண்டு வந்திருந்தார். புகழ்பெற்ற அதிகாரி என்று அழைக்க 'எமினன்ட்' என்று இருக்க வேண்டும். அவர் சீட்டில் 'இமினன்ட்' என்று இருந்தது. புயலையும் ஆபத்தையும் 'இதோ வந்துவிட்டது' என்று சொல்லும் சொல் அது. அதிகாரியின் பெயருக்கு முன்னால் அதைப் போட்டால், ஊர்மக்களே ஒதுங்கி நில்லுங்கள் என்று தமுக்கு அடித்த மாதிரி ஆகும். இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, நான் அடித்திருந்த தாளின்மேல் அவர் டேப்பை வைத்து அந்தச் சொல்லை அளந்தார்.

"ஒரு இஞ்சுகூட வரலையே தங்கச்சி. இதைவிட நீளமா ஒண்ணு இல்லையா?"

"இருக்குண்ணே. ஆனா அர்த்தம் வேற."

"அர்த்தம் கிடக்கட்டும். நீளம் எவ்வளவு?"

நான் வேறு வழியில்லாமல் ஒரு தந்திரம் செய்தேன். 'டிஸ்டிங்விஷ்டு' என்று அடித்துக் காட்டினேன். சிறப்புற்றவர் என்று பொருள், யாருக்கும் கெடுதல் இல்லை. அளந்தார். ஒன்றரை இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு. முகம் மலர்ந்துவிட்டது. நீளத்தைக் காட்டி ஒருவரை நல்வழிப்படுத்த முடியும் என்று எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் மனம் கேட்காமல், இந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று கேட்டேன். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே பதில் சொன்னார்: "எனக்குப் புரியற வார்த்தைன்னா அதை நானே எழுதிக்க மாட்டேனா தங்கச்சி?"

வராத காய்ச்சல்

எங்கள் கடையில் பள்ளிக்கூட விடுமுறைக் கடிதத்துக்கு ஒரே காரணம்தான் உண்டு: காய்ச்சல். அந்த வகைக் கடிதத்தில் நட்சத்திரம் வாங்கியது அது ஒன்றுதான். கல்யாணம், காதுகுத்து, மாமன் வீடு, மழை, எல்லாம் எங்கள் கடைக்குள் நுழைந்து காய்ச்சலாக வெளியே போகும். அதுவும் 'தயவுசெய்து இதை ஏற்றுக்கொள்ளவும்' என்பதற்குப் பதில் 'தயவுசெய்து இதைத் தவிர்க்கவும்' என்று பொருள்படும் 'எக்செப்ட்'டோடு போகும். அந்தச் சொல்லை நான் வந்த நாளிலிருந்து மாற்றிக்கொண்டிருந்தேன். விடுமுறைக் கடிதத்தை யாரும் வெயிலில் தூக்கிப் பார்ப்பதில்லை. காய்ச்சலைத்தான் தொட முடியவில்லை.

ஜூன் மாதம் பழங்கள் மலிந்திருந்த ஒரு நாளில், பழைய மலாக்காச் செட்டிகளின் கிராமமான சிட்டி கம்பத்திலிருந்து தெய்வானை நியோனியா வந்தார்; நியோனியா என்றால் அங்கே அம்மாள். கெபாயாச் சட்டை, கைலி, நெற்றியில் திருநீறு. பெயரும் சாமியும் நம்முடையவை, பேச்சு முழுக்க மலாய். பழங்களை வைத்து முன்னோர்க்குப் படைக்கும் பார்ச்சு வருகிறது, மகளுக்கு இரண்டு நாள் லீவு வேண்டும் என்றார். மகள் படித்தது அதே பண்டார் ஹிலிர்ப் பள்ளி. கிராணியார் நோட்டிலிருந்து காய்ச்சலை எடுத்தார். தெய்வானை நியோனியா கையை நீட்டித் தடுத்தார்.

"அனாக் சயா தாடா டெமாம்." என் மகளுக்குக் காய்ச்சல் இல்லையே.

"இருக்குன்னு எழுதினாத்தான் லீவு கிடைக்கும், நியோனியா. இது ஸ்டார் வாங்கின கடிதம்" என்று கிராணியார் மலாயில் பெருந்தன்மையோடு விளக்கினார். அந்த அம்மாள் அசையவில்லை. கிராணியார் அலுத்துப்போய், "அடிச்சுக் குடுத்து அனுப்பு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பசியாறப் போய்விட்டார்.

அந்த மாதம் என் ஆறு மாதத்தில் நாலு முடிந்திருந்தது. நோட்டில் இல்லாத ஒரு கடிதத்தை அடித்தேன் என்று தெரிந்தால் நற்சான்றிதழ் போயிற்று, பள்ளியும் போயிற்று. நான் ஒன்றும் வீராங்கனை இல்லை. காய்ச்சலையே அடிக்கத் தொடங்கினேன். எதிரே அந்த அம்மாள் நின்றுகொண்டு, நான் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் வாசிக்கத் தெரியாமலே வாசித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க முடியவில்லை. தாளை உருவிக் கசக்கினேன். புதுத் தாளில் பார்ச்சு என்றால் என்ன, யார் யாருக்குப் படைப்பார்கள், வீட்டுப் பெண் ஏன் அன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று எட்டு வரி எழுதி, சாப்பை நானே குத்தி, அவருக்கு மலாயில் வாய்விட்டுப் படித்தும் காட்டினேன். அந்தக் கடையில் நான் ஒரு கடிதத்தை வாய்விட்டுப் படித்தது அதுவே முதல் தடவை.

காய்ச்சலுக்கு ஏன் அவ்வளவு பயம் என்று கேட்டேன். மலாயில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "பெரியவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிற நாளில் காய்ச்சலையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அதுவும் வந்து இலை போடு என்று உட்கார்ந்துவிடும், நோனா."

தொழிற்சாலைப் பெண்

ஆறு மாதம் முடிந்த அன்று, நாடே கொடிகளைத் தேடிக்கொண்டிருந்த அந்த ஆகஸ்டில், நற்சான்றிதழ் கேட்டேன். கேட்கவேண்டிய வாக்கியத்தைச் செமாபோக்கிலிருந்து பஸ்ஸில் வரும்போதே பதினைந்து தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். கடையில் "ஐயா, அது" என்பதற்குமேல் வரவில்லை. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நோட்டின் நடுப்பக்கத்தைத் திறந்தார். ரப்பர்ப்பால் தொழிற்சாலை மேஸ்திரி ஒருவருக்காக அவர் எழுதிய நற்சான்றிதழ். இரண்டு நட்சத்திரம். இது சாதாரணக் கடிதமில்லை, தான் கையெழுத்துப் போடும் கடிதம் என்பதால், என் பக்கத்தில் நின்று விரலை வைத்துச் சொல்லுக்குச் சொல் பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டார்.

சொன்னார். அடித்தேன். நான் உழைப்பாளி என்று சொல்ல விரும்பி, 'இண்டஸ்ட்ரியல்' பெண் என்றார். அதாவது தொழிற்சாலைப் பெண். மனசாட்சியோடு வேலை செய்பவள் என்று சொல்ல விரும்பி, அலுவலகத்தில் எப்போதும் 'கான்ஷியஸ்' என்றார். மயக்கம் போட்டு விழாதவள் என்று அர்த்தம். நம்பத் தகுந்தவள் என்பதற்கு 'டிபெண்டன்ட்' என்றார். பிறர் கையை எதிர்பார்த்து நிற்பவள். ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் ஒரு பெண்ணைப் பற்றி, மயக்கம் போடாத, பிறர் தயவில் வாழும் தொழிற்சாலைக்காரி என்று என் விரல்களே அடித்தன. முடிவில் அந்த வாலும் இருந்தது. முறையே.

"ஐயா" என்றேன். அவர் விரல் தாளில் நின்றது. அந்த விரலில் சிவப்பு மசிக் கறை. என் வாயில் மூன்று சொற்களும் அவற்றின் சரியான உடன்பிறப்புகளும் வரிசையாக நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை. "ஒண்ணுமில்லை" என்றேன்.

அன்று மாலை அவர் கடையைப் பூட்டச் சொல்லிவிட்டுப் போன பிறகு, சரியான சொற்களோடு இன்னொரு தாளை அடித்தேன். அடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மிக அழகாக இருந்தது. கையெழுத்து இல்லை, அவ்வளவுதான். அவர் கையெழுத்து நாலு கோடும் ஒரு சுழியும். ஆறு மாதம் பார்த்த எனக்கு அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஊரார் கடிதத்தில் கை வைத்தபோது கூசாத எனக்கு, என்னைப் பற்றிய கடிதத்தில் கை வைக்கக் கூசியது. அதை நேர்மை என்று சொன்னால் நீங்கள் நம்பலாம். பயம் என்று சொன்னால் நானும் நம்புவேன். அழகான தாளைக் கிழித்துப் போட்டேன்.

இதில் என்னைச் சுட்டது, அவர் கையெழுத்திட்ட தாளை உறையில் போட்டுக் கொடுத்தபோது சொன்ன சொல்தான். ஆறு மாதமாக நான் மனத்துக்குள் ஏளனம் செய்த மனிதர், என் தலையைத் தொடுவதுபோல் கையை உயர்த்தி, தொடாமல் இறக்கிக்கொண்டார். "உனக்காகத்தான் உள்ளதுலயே பெரிய வார்த்தையா எடுத்துப் போட்டிருக்கேன் பாப்பா, எங்கயும் மாத்திடாத."

ஊதா சாப்

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் படித்தார். நான் என் பழைய நண்பனான மசிப்புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தடவை படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன். ஆறு மாதம் வீணாயிற்று என்று நினைத்தேன்.

"இதைச் சொன்னது யார்?"

"முதலாளி."

"டைப் அடித்தது?"

"நான்." அந்த அறையில் நான் பேசிய முதல் இரண்டு சொற்கள் இவை.

"இதில் உள்ள தப்புகள் உனக்குத் தெரியுமா?"

எப்படி வந்தது என்று தெரியவில்லை. மசிப்புட்டியைப் பார்த்தபடியே நாலு தப்பையும் வரிசையாகச் சொன்னேன். எது எந்த இடத்தில் வரவேண்டும், எது ஏன் வரக் கூடாது, வகுப்பில் சொன்னால் எந்த உதாரணத்தோடு சொல்வேன் என்பது வரைக்கும் போய்விட்டேன். நிறுத்தியபோது மூச்சு வாங்கியது. அவர் எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துவந்து மேஜைமேல் பிரித்தார். எல்லாம் பெற்றோர் அனுப்பிய விடுமுறைக் கடிதங்கள். பாதிக்குமேல் அடியில் எங்கள் ஊதா சாப். முந்தைய வருடத்துக் கடிதங்களில் அவர் சிவப்புப் பென்சிலால் சுழித்திருந்த தப்புகள் அம்மைத் தழும்பாக நிறைந்திருந்தன. பிப்ரவரி மாதத்திலிருந்து ஒரு சுழியும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே தெய்வானை நியோனியாவின் எட்டு வரி இருந்தது.

"இந்த ஊரிலேயே பிறந்தவள் நான். பார்ச்சு என்றால் என்ன என்று இந்தத் தாள்தான் எனக்குச் சொன்னது. காஜா பேராங்கில் திடீரென்று யார் ஆங்கிலம் எழுதுகிறார்கள் என்று அப்போதிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார். பிறகு என் நற்சான்றிதழை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதன் தமிழ் இது: "ஊர் முழுவதையும் திருத்தியிருக்கிறாய், நீ திருத்தாமல் விட்ட ஒரே தாள் உன்னைப் பற்றியதா?"

புதுப் பள்ளியாண்டு தொடங்கிய ஜனவரியில் சேர்ந்தேன். விஷயத்தைச் சொல்லக் கடைக்குப் போனேன். கிராணியார் எதனால் வேலை கிடைத்தது என்று என்னைக் கேட்கவில்லை. அதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நோட்டைத் திறந்தார், சிவப்பு மசியைத் தொட்டார். காஜா பேராங்கில் அதுவரை எந்தக் கடிதமும் மூன்று நட்சத்திரம் வாங்கியதில்லை.

செய்தி பரவ ஒரு வாரம் ஆகவில்லை. இப்போது எங்கள் பள்ளியில் ஆயா வேலை, எழுத்தர் வேலை, ஆசிரியை வேலை எது காலியானாலும், ஊதா சாப்போடு ஒரே நற்சான்றிதழ்தான் வருகிறது. எல்லோரும் தொழிற்சாலைப் பெண்கள். ஒருவரும் மயக்கம் போட்டு விழமாட்டார்கள். அந்தத் தாள்களை வாங்கி அடுக்கும் பொறுப்பைத் தலைமையாசிரியை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். போன வாரம் வந்த ஒரு பெண்ணிடம், இந்தச் சொற்கள் தப்பு, வேறு எழுதி வாங்கி வா என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் தாளை என் கையிலிருந்து பிடுங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். "இதுதானே டீச்சர் உங்களுக்கு வேலை வாங்கிக் குடுத்துச்சு, எனக்கு மட்டும் மாத்தச் சொல்றீங்களே."

ஆகவே, என்னைப்போல் பல் தேய்ந்தவர்களே, மலாக்காவில் தப்பான ஆங்கிலச் சொற்களை ஒழிக்க ஆறு மாதம் ஒளிந்து பாடுபட்டவளும், அவற்றுக்கு மூன்றாவது நட்சத்திரம் வாங்கிக் கொடுத்து என்றென்றும் வாழவைத்தவளும், முறையே நான்தான்.